தொண்ணூற்று மூன்றில் தொடங்கும் பெண்

கோனியம்மன் சாட்சி, மருதமலை முருகன் சாட்சி, சிறுவாணித் தண்ணீர் சாட்சி. இந்தக் கதையில் அரை எழுத்துக்கூடப் பொய் கிடையாது. இதில் வருகிற பேச்சு மொத்தமும் பங்காரு சொன்னது. துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பங்காரு வாட்ச்மேன். ஆடி மாதத்தில் எவனும் கல்யாணம் பண்ணமாட்டான் என்பதால், மண்டபத்தின் முன்னால் இருக்கிற கடை வரிசையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தன் காதால் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்கிற மனிதர் இல்லை. அவர் இல்லாத இடத்தில் நடந்ததை, அந்தக் கடை வரிசையிலேயே வேலை பார்க்கும் சித்திகா அவர் காதில் போட்டிருக்கிறாள். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்தக் கடை வரிசையில் கடைசிக் கதவு பாலகோபாலின் துப்பறியும் நிலையம். போர்டு கிடையாது. போன வருஷத்து ஆடிக் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கவுண்டம்பாளையத்தில் ஒரு தையல்கடை வாசலில் மாட்டிவிட்டது. ரசமட்டம் வைத்த மாதிரி நேராக நின்றதாம். அந்தத் தையல்காரர் அதற்குப்பின் இரண்டு கேஸ் துப்புத் துலக்கிவிட்டார். ஒன்றில் போலீஸே வந்து கைகொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பாலகோபாலுக்கு அந்தத் தையல்காரர் மேல் பொறாமை.

ஆனால் அது சில்லறைப் பொறாமை. மொத்தப் பொறாமை ஆபீஸுக்குள்ளேயே எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பெயர் சித்திகா. கோட்டைமேட்டுக்காரி. உதவியாளராகச் சேர்ந்து நாலு வருஷத்தில், ஊர் அந்த இடத்துக்குச் 'சித்திகா மேடம் ஆபீஸ்' என்று பேர் வைத்துவிட்டது. பாலகோபால் தினமும் ஆபீஸ் மூடினபின் அவள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளை உட்கார்ந்து ஒருதரம் நோண்டுவார், ஒரு எழுத்துப்பிழையாவது சிக்காதா என்று. சிக்காது. அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

பிரத்யுஷா வந்தது ஒரு மத்தியானம், பாலகோபால் டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்த நேரம். முப்பத்தைந்து வயதிருக்கும். கதவைத் தள்ளியவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சித்திகா மேடம் ஆபீஸ் இதுங்களா?"

பாலகோபாலின் வயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது. "பாலகோபால் ஆபீஸுங்க."

"ஓ. அப்ப மேடம் எங்கிருக்காங்க?"

"நான்தானுங்க, உக்காருங்க," என்றாள் சித்திகா. "சார் எங்க ஓனரு. திருஷ்டிக்கு வெச்சிருக்கோம்."

பிரத்யுஷா உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஆடிப்பெருக்குங்க. வருஷா வருஷம் பேரூர் ஆத்துல போய்த் தாலிக் கயிறு மாத்திக்குவேன். இந்த வருஷம் மாத்தறதா, இல்லை ஈரோட்டுக்கு எங்கம்மா ஊட்டுக்கு பஸ் ஏறறதானு இன்னிக்குப் பொழுது சாயறக்குள்ள எனக்குத் தெரியோணும். என்ற ஊட்டுக்காரருக்கு இன்னொருத்தி இருக்கறா."

கணவன் சசிதர், இரும்பு வார்க்கும் பவுண்டரி முதலாளி. போன தை மாதம் பவுண்டரியில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கின் கொக்கி ஆடி வந்து அவன் தலையில் இடித்தது. இரண்டு நிமிஷம் நினைவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் எழுந்து நடந்தான், சிரித்தான், சாப்பிட்டான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் நல்லாயிட்டார் என்று சொல்லி ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"அப்பறந்தானுங்க அவளைப் புடிச்சாரு," என்றாள் பிரத்யுஷா. "தினமும் மத்தியானம் சோறு உண்டுபோட்டு காரை எடுத்துட்டுப் போயிருவாரு. கண்ணுக்குக் கூலிங்கிளாஸ். போன் ஆப். பொழுது சாயத்தான் வருவாரு. வந்தா ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்லை. நேரா குளிக்கற ரூமுக்குள்ள போய்த் தண்ணியைத் தொறந்து உட்டுட்டு..." அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "நம்பர் சொல்றாருங்க."

"என்ன நம்பர்?"

"செல் நம்பர். ரெண்டு ரெண்டா. தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்போது, எழுபத்தி ரெண்டு. அத்தோட நின்னு ஒரு பெருமூச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைப் பாத்து அப்பிடி ஒரு மூச்சு உட்டதில்லைங்க. அந்த மூச்சுக்கப்பறம் கடைசி ரெண்டு."

கடைசி இரண்டு இலக்கத்தையும் அவள் சொன்னாள். இங்கே அது வராது. அச்சில் வந்தால் நீங்கள் போன் போட்டுப் பார்ப்பீர்கள். உங்களைத் தெரியாதா?

"அதுலயும் கூத்தைக் கேளுங்க," என்றாள் பிரத்யுஷா. "காலைல எந்திரிச்சதும் சொல்றப்ப எப்பவும் ஒரே நம்பருங்க. சாயங்காலம் சொல்றப்பத்தான் கடைசி ரெண்டு மாறுது. திங்கக்கிழமை ஒண்ணு, செவ்வாக்கிழமை ஒண்ணு, நேத்து ஒண்ணு. காலைக்கு ஒருத்தி, சாயங்காலத்துக்குத் தினம் ஒருத்தி!"

"ஒழுங்கான மனுசன்," என்றாள் சித்திகா. "ஷிப்ட் போட்டு வெச்சிருக்காரு."

"அம்மணி, வாயை மூடு," என்றார் பாலகோபால். "இந்த நம்பரெல்லாம் எங்காச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எதுக்குங்க எழுதோணும்? வயித்தெரிச்சல்ல படிச்சது மறந்துபோகுமா?"

பாலகோபால் ஆமோதித்தார். அந்தத் தையல்காரரின் கடை நம்பர் அவருக்கும் மனப்பாடம்.

"பேரு ஏதாச்சும் வாயில வந்துதா?"

"போன வாரம் சோறு போடறப்ப என்னை 'மாரப்பா, ரசம் ஊத்து'ன்னாருங்க."

"மாரப்பன் யாரு?"

"எங்க உலைக்காரருங்க. மீசை இத்தாச்சோடு பெருசா இருக்கும்."

"கணக்குல அவரையும் சேத்துக்கறேன்," என்றாள் சித்திகா.

பவுண்டரியை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று பாலகோபால் கேட்டார். ஆறு மாதமாக அவன் நாற்காலியில் உட்கார்ந்து தானே பார்ப்பதாகப் பிரத்யுஷா சொன்னாள். சாயங்காலம் இரும்பு ஊற்றுகிற நேரத்தில் உலைக்கு முன்னால் நிற்பதும் அவள்தான். "ஊட்டுக்கு வந்தா அன்னிக்கு நான் பாத்த வேலையையெல்லாம் ஒவ்வொண்ணா நோண்டி நோண்டிக் கேப்பாரு. ஒரு தப்பும் இருக்காது. 'சரியா இருக்குது'ன்னு சொல்லிப்போட்டுச் செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்குவாரு. அவ நெனப்பு! நாளைக்கு நல்ல நாளு, சாயங்காலம் இரும்பு ஊத்த நானே நிக்கறேங்கறாரு. காலைல டாக்டரம்மா பாத்துப்போட்டுச் சரின்னுருவாங்களாம். உடம்பு தேறிருச்சு. மனசுதான் ஊட்டுல இல்லை."

அவள் போனதும் பாலகோபால் நிமிர்ந்தார். சித்திகா வாயைத் திறக்குமுன் தன் துப்பை முந்திப் போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

"முதல் எட்டு நம்பர் ஒண்ணு. கடைசி ரெண்டு மட்டும் வேற. ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்குன சிம்மு. அப்ப யாரு?"

"யாருங்க சார்?"

"அக்கா தங்கச்சிங்க!"

"அப்ப மாமியார் நம்பர் எந்த வரிசைங்க சார்?"

வாசல் ஸ்டூலில் பங்காரு கன்னத்தில் கை வைத்து உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

பாலகோபால் திங்கட்கிழமைக்காரிக்குப் போன் போட்டார். சோமனூரில் ஒரு தறிப்பட்டறை எடுத்தது. கரீம் என்று ஒருத்தர். பின்னால் இருபது விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் போன் மேஜைமேல் தானாகவே நகர்ந்தது.

"உங்க பட்டறைல பொண்ணுங்க யாராச்சும் சசிதர்னு ஒருத்தர்கிட்டப் பேசறாங்களா?"

"என்னங்க? நாப்பது மீட்டருங்களா?"

"பேசறாங்களான்னு கேட்டேன்!"

"இந்தச் சத்தத்துல என்ற சம்சாரத்துக்கிட்டயே நான் கையை ஆட்டித்தாங்க பேசறது!"

செவ்வாய்க்கிழமைக்காரி ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்யும் ராமாமணி. பாலகோபால் அந்தம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தார். விசாரணை முடிந்தபோது அந்தம்மாவுக்குப் பாலகோபாலின் வயது, சர்க்கரை அளவு, மூட்டுவலி எல்லாம் தெரிந்திருந்தது. பாலகோபால் ஒரு மூட்டை விரலி மஞ்சள் வாங்கியிருந்தார். புதன்கிழமை நம்பர் உபயோகத்திலேயே இல்லை. காலை நம்பரும் அப்படியே.

சித்திகா பேனாவின் மூடியைக் கடித்தபடி மோட்டுவளையைப் பார்த்தாள். "சார், ஆசை வெச்ச நம்பரைக் காலைல சரியாச் சொல்றவன் சாயங்காலம் எப்படித் தப்பாச் சொல்லுவான்? அதுவும் கடைசி ரெண்டை மட்டும். அந்த மூச்சு வேற..."

அவள் கண் சுருங்குவதைப் பாலகோபால் பார்த்தார். அவள் கண் இப்படிச் சுருங்கினால் இன்னும் ஐந்து நிமிஷத்தில் விடை வந்துவிடும். நாலு வருஷ அனுபவம். அதை நடக்க விடக் கூடாது.

"யோசிச்சது போதும், வண்டியை எடு!" என்றார்.

சித்திகாவின் ஸ்கூட்டரில் பாலகோபால் பின்னால் உட்கார்ந்தார். பிரத்யுஷாவின் வீட்டு வாசலிலிருந்து சாம்பல் நிறக் கார் வெளியே வந்தது. ஓட்டினவனுக்குக் கூலிங்கிளாஸ், மெலிந்த முகம். அன்றைக்கு ஆடிக் காற்று அடித்த அடியில் ஸ்கூட்டர் ஆக்ஸிலேட்டரே முறுக்காமல் அரை கிலோமீட்டர் போனது. பெட்ரோல் மீட்டரின் முள் மேலே ஏறியதாகவும் கேள்வி.

"பாத்தீங்களா சார்? அவரு ஆரனே அடிக்கறதில்லை," என்றாள் சித்திகா. "பக்கத்துல பஸ் ஆரன் அடிச்சா தோளைத் தூக்கிக் காதை மூடிக்கறாரு. சந்தைப் பக்கம் போகாம சுத்து வழில போறாரு. காதலியைப் பாக்கப் போறவன் பூக்கடைப் பக்கம் போகமாட்டானா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு. துப்பை நான் பாத்துக்கறேன்."

கார் வெள்ளக்கிணறு பக்கமாகப் போய், சந்துசந்தாகச் சுற்றி, மறுபடி மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வந்து, ஒரு காம்பவுண்டின் பின்பக்கக் கேட்டில் நுழைந்து நின்றது. சித்திகா பிரேக் போட்டாள். அது அவர்கள் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த அதே மண்டபம்.

"சார், நாம மத்தியானம் பூரா முதுகைச் சாய்ச்சிருந்த செவுத்துக்கு அந்தப்பக்கம்," என்றாள் சித்திகா. "இடுப்புல புள்ளையை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுனாளாம்."

முன்பக்கம் ஓடிப் பங்காருவைப் பிடித்தார்கள்.

"பங்காரு, உள்ள யாரு வந்து போறது?" என்று கேட்டார் பாலகோபால்.

"ஆவணி முகூர்த்தம் பூரா புல்லுங்க," என்றார் பங்காரு.

"கூடப் பொம்பளை யாராச்சும் வர்றாங்களா?"

"ஏசி போட்டா தனிங்க."

"கல்லுளிமங்கன். இவன் வாயில இருந்து ஒரு தகவல் புடுங்க முடியாது," என்று பல்லைக் கடித்தார் பாலகோபால். பங்காரு அன்பாகச் சிரித்துவிட்டு, சாவிக்கொத்தோடு அவர்கள் பின்னாலேயே வந்தார்.

மண்டபத்துக்குள் ஈ காக்கை இல்லை. மேடைக்குப் பக்கத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கதவு. ஒன்றில் 'மணமகள் அறை', மற்றதில் 'மணமகன் அறை'. மணமகன் அறைக்குள்ளிருந்துதான் பேச்சுச் சத்தம் வந்தது. ஆடி மாதத்தில், மணமகன் அறையில்! பாலகோபால் கதவில் காதை வைத்தார்.

உள்ளே ஒரு பெண்ணின் குரல். இளம் குரல். கற்கண்டு.

"மெதுவாச் சொல்லுங்க சசிதர். அவசரமே இல்லை. இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

பிறகு ஒரு ஆண் குரல், முனகலாக. "தொண்ணூத்தி மூணு..."

"தள்ளுங்க," என்று பின்னாலிருந்து கேட்டது. பிரத்யுஷா நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோ பிடித்து ஸ்கூட்டரைத் துரத்தி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. "அவ மூஞ்சியை உங்களுக்கு முந்தி நான் பாக்கோணும். அதைக்கூட நான் உட்டுக்குடுக்கோணுங்களா?"

உள்ளே அந்தக் கற்கண்டு மறுபடி பேசியது. "களைச்சுப் போயிட்டீங்களா? கொஞ்சம் படுத்துக்கறீங்களா?"

பிரத்யுஷா பக்கத்தில் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றைத் தலைக்குமேல் தூக்கினாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு வெளியே வந்து ஆடியது. சித்திகா அவள் கையைப் பிடித்தாள். கதவை உடைக்கிற பெருமையாவது தனக்கு இருக்கட்டும் என்று பாலகோபால் பத்தடி பின்னால் போய், ஓடிவந்து தோளால் மோதினார். கதவு பூட்டியிருக்கவில்லை. அவர் அறையைக் குறுக்கே கடந்து, எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடியில் தன்னைத் தானே நேருக்கு நேர் சந்தித்து, மரியாதையாக நின்றார்.

அறை இருட்டு. ஜன்னல்களில் மேடைத் திரைச்சீலையை மடித்துத் தொங்கவிட்டிருந்தது. கீழே ஒரு பாய். பாயில் சசிதர், காதிலிருந்து எடுத்த பஞ்சு பக்கத்தில், கூலிங்கிளாஸ் நெற்றிமேல். அவனைத் தவிர அங்கே ஆள் இல்லை. பாயின் ஓரத்தில் கிடந்த செல்போன் மட்டும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. "சரி, மறுபடியும் நூறுல இருந்து ஆரம்பிக்கலாமா?"

"எங்க அவ?" என்றாள் பிரத்யுஷா. நாற்காலி இன்னும் இறங்கவில்லை.

சித்திகா குனிந்து போனை அமர்த்தினாள். "அம்மணி, நூறுல ஏழு போனா எவ்வளவுங்க?"

"என்னங்க கேள்வி இது? தொண்ணூத்தி மூணு."

"அதுல இன்னொரு ஏழு?"

"எம்பத்தாறு," என்றாள் பிரத்யுஷா பட்டென்று. "எழுபத்தொம்போது, எழுபத்தி..."

நின்றாள். அதற்கு அடுத்ததை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்காலி மெதுவாகத் தரைக்கு வந்தது.

"அதேதானுங்க உங்க காலை நேரத்துக்காரி," என்றாள் சித்திகா. "காலைல இவரு சரியாக் கழிக்கறாரு. சாயங்காலம் கடைசில சறுக்குது. சறுக்கறது தினம் ஒரு பக்கம். சோமனூர், ஈரோடு எல்லாம் கழித்தல் தப்புங்க."

"அந்தப் பெருமூச்சு?"

"அங்கதான் மூளை களைச்சுப்போகுது."

பாலகோபாலுக்கு வயிறு எரிந்தது. ஒரு மூட்டை மஞ்சள் வாங்கியது அவர். விடை சொன்னது அவள்.

சசிதர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மனைவியைப் பார்க்காமல் பேசினான். "காலைல நான் புலி, பிரத்யு. மத்தியானத்துக்கு மேல லோ வோல்டேஜ். பல்பு எரியுது, மோட்டார் சுத்தமாட்டேங்குது. நாலு பேர் பேசுனா எந்தப் பேச்சு எவனுதுன்னு தெரியறதில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துது. இங்க வந்து படுத்தாத்தான் பொழுது சாயற மட்டும் தாக்குப்புடிக்க முடியுது. வாட்ச்மேன் நல்ல மனுசன். ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை."

கதவோரம் பங்காரு தலையாட்டினார்.

"அந்தக் குரல்?"

"டாக்டர் நிதா. ஆஸ்பத்திரில ஞாபகம், கவனம் எல்லாம் சோதிச்சுப் பாக்கற சைக்காலஜிஸ்ட். மொதத் தடவை போனப்ப அவங்களுக்குத் தெரியாம போன்ல ரெக்கார்டு பண்ணிப்போட்டேன். அதைப் போட்டுப் போட்டுப் பழகறேன். எப்பவும் காலைல ஒம்போது மணிக்குத்தான் நேரம் வாங்குவேன். அரை மணி நேரம் நல்லாச் சொல்லிப்போட்டு எந்திரிச்சு வந்துருவேன். நாளைக்கும் ஒம்போது மணிதான். சரின்னு சொல்லிட்டாங்கன்னா சாயங்காலம் நானே உலைக்கு..."

"ஏனுங்க," என்றாள் பிரத்யுஷா. கோபம் போய்விட்டிருந்தது, அது போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருந்தது. "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன அந்நியமா?"

சசிதர் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்தான். சித்திகாவின் கண் சுருங்கிப் பார்த்தது, விடை வரவில்லை. அறையில் அந்த விடை தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். கண்ணாடியின் முன்னால், தோளைத் தடவிக்கொண்டு.

"அம்மணி," என்றார் பாலகோபால் பிரத்யுஷாவிடம். "தினம் நீங்க பாத்த வேலையை நோண்டிப் பாப்பாருன்னீங்க. தப்பு ஒண்ணும் இல்லைன்னா செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாருன்னீங்க. தப்பு இல்லாததுக்கு ஒருத்தன் எதுக்கு மூஞ்சியைத் திருப்போணும்?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது இன்னொருத்தி நெனப்பு இல்லீங்க. உங்க மேல வயித்தெரிச்சல். இந்த வியாதியை நான் தூரத்துல இருந்தே கண்டுபுடிச்சுருவேன். எனக்கும் இருக்குது."

சித்திகா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஆமா," என்றான் சசிதர். "நான் படுத்தன்னிக்குப் பவுண்டரி நின்னுபோகும்னு நெனச்சேன். ஒரு நாளும் நிக்கலை. நல்லா ஓடுது. மாரப்பன் சொல்றான், அம்மணி வந்தப்பறம் உடைசல் கம்மியாயிருச்சுன்னு. அவன் என்னைத் தேடுவான்னு இருந்தேன். யாரும் தேடலை. இன்னும் தேறலைன்னு உங்கிட்டச் சொன்னா, அந்த நாற்காலி எனக்குத் திரும்பி வராது."

"அதுக்குப் போய்க் கொதிக்கற இரும்புக்கு முன்னால நிப்பீங்களா? சாயங்காலத்துல?" அவள் அவன் எதிரில் பாயிலேயே உட்கார்ந்தாள். "சொல்லுங்க பாக்கலாம். இப்பவே. நூறுல இருந்து."

"தொண்ணூத்தி மூணு," என்றான். "எம்பத்தாறு. எழுபத்தொம்போது." நெற்றியில் வேர்த்தது. "எழுபத்தி... எழுபத்தி ரெண்டு."

பெருமூச்சு வந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லாமல், கிட்டத்தில், முதல்முறையாக அதை அவள் கேட்டாள். ஆசை மூச்சு இல்லை. மேட்டில் பாரவண்டி இழுக்கிற மாட்டின் மூச்சு.

அவன் உதடு அசைந்தது. கண் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "அடுத்தது என்ன, மாரப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. சித்திகாகூட.

பிரத்யுஷா அவன் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "அந்த டாக்டரம்மாளைக் கூப்பிடுங்க. ரெக்கார்டை இல்லை. ஆளை."

அவன் கூப்பிட்டான். எல்லாவற்றையும் அவனே சொன்னான், ரெக்கார்டு செய்தது உட்பட. கற்கண்டுக் குரல் கொஞ்சம் புளித்தது. பிறகு பிரத்யுஷா பேசினாள். காலையில் எப்போதும் சரி, சாயங்காலம் மூன்று நாளும் தப்பு, தப்பும் தினம் வேறு என்று கிழமை வாரியாக ஒப்பித்தாள்.

"அம்மா, நாங்க தேடறதே அதைத்தான்," என்றது குரல். "முதல்ல ஒரு தடவை கேப்போம். நடுவுல நல்லா வேலை குடுப்போம். கடைசில மறுபடி கேப்போம். முதலுக்கும் கடைசிக்கும் எவ்வளவு சறுக்கல்னு பாத்தாத்தான் களைப்பு புடிபடும். இவர் களைக்கறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயிட்டிருந்தார். தப்பு என்னோடதும்தான், அவர் கேட்ட நேரத்தையே குடுத்துட்டிருந்தேன். நாளைக்குக் காலை வேண்டாம். பகல் முழுக்க எப்பவும் போல இருந்துட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரட்டும். நீங்களும் வாங்க. மூணு நாள் சாயங்காலம் கேட்ட காது உங்களோடதுதான்."

"அஞ்சு மணி இரும்பு ஊத்தற நேரம்," என்றான் சசிதர்.

"மாரப்பன் நிக்கட்டும்," என்றாள் பிரத்யுஷா. "நான் உங்ககூட வாரேன்."

"மாரப்பன் நம்ம ரெண்டு பேரை விடவும் நல்லா நின்னுட்டான்னா?"

"அப்ப ரெண்டு பேரும் சேந்து வயித்தெரிச்சல் படலாம். நான் மட்டும் தனியாப் பட்டுப்பட்டு எனக்கும் அலுத்துப்போச்சு." எழுந்து அவனுக்குக் கை கொடுத்தாள். "கார் சாவியைக் குடுங்க. போறப்ப நல்ல மஞ்சள் கயிறு வாங்கோணும்."

"கயிறு வேணும்னா நீங்க கடைக்குப் போங்க," என்றாள் சித்திகா. "மஞ்சள் வேணும்னா சார்கிட்ட ஒரு மூட்டை இருக்குது."

வாசலில் பிரத்யுஷா திரும்பி வந்தாள். சித்திகாவைத் தாண்டிப் பாலகோபாலின் முன்னால் நின்றாள்.

"நம்பரைக் கண்டுபுடிச்சது மேடம்ங்க. என்ற ஊட்டுக்காரரைக் கண்டுபுடிச்சது நீங்கதானுங்க சார்."

கார் போனபின் சித்திகா ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். "சார், அந்தச் செவுத்துப் பக்க விசயம் எப்படி உங்களுக்கு மட்டும் தோணுச்சு?" என்றாள் கடைசியில், கொஞ்சம் கடுப்பாக. அவள் முகத்தைப் பார்த்தார் பாலகோபால். நாலு வருஷமாகத் தினம் காலையில் கண்ணாடியில் தான் பார்த்து வந்த அதே முகம். அன்றைக்கு ராத்திரி அவருக்கு இரண்டு தட்டுச் சாப்பாடு இறங்கியது.

மறுநாள் காலை பேரூர் படித்துறையில், நொய்யல் தண்ணீர் முழங்கால் அளவு ஓட, பிரத்யுஷா கயிறு மாற்றிக்கொண்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாரப்பன் உலைக்கு முன்னால் நின்று மீசையை முறுக்கினான். அதே ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சசிதர் நூறிலிருந்து கழிக்க ஆரம்பித்தான். பக்கத்து நாற்காலியில் அவள் இருந்தாள். எழுபத்திரண்டில் பெருமூச்சு வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர, அடுத்ததைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சொன்னேனே, இவ்வளவும் பங்காரு பக்கத்தில் நின்று, தன் காதால் கேட்டுச் சொன்னது.

பங்காருவுக்குப் பதினெட்டு வருஷமாக இரண்டு காதும் கேட்காது.